லிட்டருக்குப் பதினாறு புள்ளி இரண்டு

ஜூன் 9, ஞாயிறு

கோத்தகிரியில் என் மனைவி பூங்கோதையின் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. மாதம் ஒரு முறை போவது வழக்கம். மூன்று மணிக்குக் கிளம்பினோம். மழை இல்லை, சாலை காய்ந்திருந்தது. காரின் கூரையை மடக்கியிருந்தோம். கூரை திறந்திருந்தால் பூங்கோதைக்குப் பாட்டு வரும். இன்றும் வந்தது.

மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் வழியில், மூன்று இருபதுக்கு, ஒரு வளைவின் முன்னால் பிரேக் மிதி பஞ்சு போல உள்ளே போனது. மறுபடி மிதித்தேன். தரையைத் தொட்டது. கைப்பிரேக்கை இழுத்தேன். வண்டி பாதி திரும்பி, லாரிக்காக ஓரத்தில் அடுக்கியிருந்த பச்சைத் தேயிலை மூட்டைகளில் மூக்கைப் புதைத்து நின்றது. அப்போது வேகம் நடையைவிடச் சற்றே அதிகம். யாருக்கும் காயமில்லை. வண்டியில் கீறல்கூட இல்லை. இரண்டு மூட்டைகள் வாய் பிரிந்து, காருக்குள் எங்கள் மடி வரை இலை.

இலை வாங்கும் ஏஜென்ட் முதலில் மூட்டைகளை எண்ணினார். பதினொன்று. பிறகுதான் எங்களைப் பார்த்தார்.

"ஏங்க, நாங்க லாரியிலதான் ஏத்துறது. நீங்க கார்லயே அள்ளிட்டுப் போயிரலாம்னு வந்தீங்களா?"

இலை பறிக்கும் பெண்கள் சிரித்தார்கள். பூங்கோதை சிரிக்கவில்லை. தலையிலிருந்த இலையைத் தட்டிவிட்டு, "இறங்கட்டுங்களா?" என்றாள். அக்கா கொடுத்த கேரட் பையை எடுத்துக்கொண்டு சாலையில் நின்றாள். மூன்று ஐம்பதுக்கு பஸ் வந்தது. ஏறி, ஜன்னல் வழியாகச் சொன்னாள்:

"நீங்க மெதுவா வாங்க. நான் இனி இந்த வண்டியில ஏற மாட்டனுங்க."

அரை மணி நேரம் கழித்து வண்டி ஆறியதும் பிரேக் தானாகத் திரும்பி வந்தது. ஆறு நாற்பதுக்கு வடவள்ளியில் வீடு சேர்ந்தேன். அவள் முன்பே வந்து, குளித்து, கேரட்டைச் சீவிக்கொண்டிருந்தாள்.

பதிவுக்காக: நான் இரண்டாவது கியரில்தான் இறங்கினேன். வண்டி பதினாறு வருடம் பழையது. அதன் பிரேக் மலைக்குப் போதாது.

ஜூன் 10, திங்கள்

காலையில் பெட்ரோல் போட்டுக் கணக்குப் பார்த்தேன். நேற்றைய ஓட்டத்துக்கு லிட்டருக்கு 16.2 கிலோமீட்டர். இந்த வண்டியில் இதுவரை 13-ஐத் தாண்டியதில்லை. லாக் புத்தகத்தில் ஏற்றினேன்.

இந்தப் புத்தகம் என் உத்தியோகம் தந்த பழக்கம். எடையளவு முத்திரை ஆய்வாளராக முப்பத்தொரு வருடம். ஜீப்புக்கு மாதாந்தர டீசல் அளவு உண்டு. எங்கள் ஜீப் மைலேஜில் மாவட்டத்திலேயே முதலாவது. டிரைவர் ராயப்பனின் கைவண்ணம் அது. ஓய்வு பெற்றதும் வாங்கிய இந்தச் சிவப்பு இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரிலும் லாக் புத்தகம் வைத்திருக்கிறேன்.

காருக்குள் இன்னும் தேயிலை வாசனை.

ஜூன் 16, ஞாயிறு

கெங்குசாமி வந்திருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்தே நண்பர். பீளமேட்டில் ஃபவுண்டரி வைத்திருக்கிறார். அவருடைய ஜெர்மன் காருக்கு வருடத்துக்கு ஒரு புதுச் சாமான் மாட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"இன்ஸ்பெக்டரே, உங்க வண்டியில இருக்கறது பிரேக்கே கிடையாது. அது அப்பளம். என்னுத பாத்தீங்களா? பிரேக்கை அமுக்க ஆறு பிஸ்டன். டிஸ்க்கு ஒவ்வொண்ணும் தோசைக்கல்லு சைஸு."

"இந்த வீலுக்குள்ள அது நுழையாதே."

"வீலையும் மாத்துங்க."

"அப்புறம்?"

"அப்புறம் டயரு. ஒண்ணொண்ணா போலாம், அவசரமென்ன?"

காபி கொண்டுவந்த பூங்கோதையிடமும் கேட்டார். "ஏம்மா, ஆறு பிஸ்டன் போட்டா ஏறுவியா?"

"அறுபது போட்டாலும் பஸ்ஸுதாங்கண்ணா."

எந்த கியரில் இறங்கினேன் என்றும் என்னிடம் கேட்டார். இரண்டு என்றேன். பூங்கோதை அப்போது டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். தொலைபேசி இணைப்பகத்தில் முப்பது வருடம் இருந்தவள். பேசுவதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருப்பது அவளுக்குத் தொழில்.

ஒரு நல்ல செய்தி: ஆகஸ்ட் 25 அன்று செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் ஒரு கிளப் நடத்தும் ஓட்ட நாள். யார் வேண்டுமானாலும் தங்கள் காரைக் கொண்டுபோய் ஓட்டலாம். பெயர் கொடுத்துவிட்டேன். பத்துச் சுற்று பிரேக் தாங்கினால் கோத்தகிரி இறக்கமும் தாங்கும். பூங்கோதை அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் காரில் ஏறுவாள். இதுதான் திட்டம்.

ஜூன் 22, சனி

சௌரிபாளையத்தில் ஜெசிந்தாவின் பட்டறை. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். முன்பு ராலி பந்தயங்களில் வழி சொல்லிக்கொண்டு பக்கத்து சீட்டில் போனவர். ஓட்டுநருக்கு வழி சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், தானே ஓட்டி, பிறகு பட்டறை வைத்துவிட்டார். பேசிக்கொண்டே வேலை செய்வார்.

சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடைக் காட்டினார். பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தது.

"நல்லா வறுத்திருக்கீங்க சார். எந்த கியர்ல இறங்குனீங்க?"

மூன்று என்றேன்.

பிறகு பேனா போன்ற ஒரு கருவியை பிரேக் ஆயிலில் முக்கினார். நான்கு விளக்கும் எரிந்தன. ஆயிலில் நான்கு சதவீதத்துக்கு மேல் தண்ணீர்.

"எப்ப மாத்துனது?"

வாங்கி இரண்டு வருடம். அதற்கு முன்னால் வைத்திருந்த டாக்டர் மாற்றினாரா என்பது தெரியாது.

"பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தைக் குடிச்சுக்கிட்டே இருக்கும் சார். மலை இறங்கும்போது சூடாச்சா, அந்தத் தண்ணி கொதிச்சு ஆவியாயிரும். அப்ப நீங்க ஆயிலை மிதிக்கல, ஆவியை மிதிக்கறீங்க. ஆறுனா திரும்பத் தண்ணி. பிரேக்கும் திரும்ப வந்துரும்."

எனக்கு மனம் லேசானது. தவறு வண்டியுடையதுதான். கருவியே சொல்கிறது. வீட்டுக்கு வந்ததும் பூங்கோதையிடம் தண்ணீர் விவரத்தை முழுவதும் விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். "அப்படிங்களா" என்றாள். "வேற ஒண்ணுமில்லீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

ஜூன் 24, திங்கள்

ஜெசிந்தா சொல்லும் பட்டியல்: புது ஆயில், அதிகச் சூடு தாங்குவது. ரப்பர் ஓஸுக்குப் பதிலாக ஸ்டீல் பின்னிய ஓஸ். டிஸ்க் சாதாரணமானதே போதும், துளை போட்டது வேண்டாம், ஓட்டையிலிருந்து விரிசல் விடும். பேட், சாலைக்கும் டிராக்குக்கும் நடுவில் உள்ள ரகம்.

கெங்குசாமி சொல்வது: "நடுவுல உள்ள ரகம்னா ரெண்டுக்கும் லாயக்கில்லைன்னு அர்த்தம். ரேஸ் பேடு வாங்குங்க."

நான் ரேஸ் பேட் வாங்குவதாக முடிவு செய்தேன். ஜெசிந்தா தலையில் கை வைத்துக்கொண்டார். "சரி சார். ஒரு மாசம் வெச்சுப் பாருங்க. அப்புறம் நீங்களே வருவீங்க."

ஜெசிந்தாவிடம் கியர் மூன்று என்று சொல்லிவிட்டதாக நினைவு. இரண்டு என்பதுதான் பதிவு.

ஜூலை 6, சனி

எல்லாம் மாட்டியாயிற்று. மிதி கல் மாதிரி உறுதி. புது பேடை டிஸ்க்கோடு பழக்க வேண்டுமாம். எண்பதில் போய், நிறுத்தாமல் பத்துக்கு வேகத்தைக் குறைத்து, மறுபடி எண்பது. பத்து முறை. அவிநாசி சாலைக்கு அப்பால் ஒரு காலிச் சாலையில் ஜெசிந்தா ஓட்டினார், நான் பக்கத்தில். ஏழாவது முறையில் என் கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. அவர் அதற்குள் அடுத்த எண்பதுக்குப் போய்விட்டார்.

ஜூலை 7, ஞாயிறு

கீச்.

ஜூலை 9, செவ்வாய்

ரேஸ் பேட் வீதியில் கத்துகிறது. சாதாரணக் கத்தல் இல்லை. ரயில் நிலையத்தில் நூறு பேர் ஒரே நேரத்தில் தகரத்தைத் தரையில் இழுத்தால் வரும் சத்தம். நான் வீதி முனையில் பிரேக்கைத் தொட்டால் பூங்கோதை அடுப்பில் தோசைக்கல்லை வைத்துவிடுகிறாள். எதிர் வீட்டு நாய் முதல் நாள் குரைத்தது, இரண்டாம் நாள் ஊளையிட்டது, இன்று எழுந்து உள்ளே போய்விட்டது.

பெரிய பிரச்சினை வேறு. காலையில் முதல் பிரேக் பிடிப்பதே இல்லை. இன்று வீட்டு வாசலில் நிறுத்த நினைத்து, பக்கத்து வீட்டு வாசலில் நின்றேன். அங்கே கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாள் வாளியோடு ஓடினார். மன்னிப்புக் கேட்டேன். "எங்க வீட்டுக்குத்தான் வந்தீங்களாக்கும்" என்றார்.

ஜூலை 13, சனி

அளந்துவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மனை விற்காத ஒரு லே-அவுட் இருக்கிறது. நேரான தார்ச் சாலை, ஆள் இல்லை. சாக்பீஸால் கோடு போட்டு, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டில் மிதித்து, நின்ற இடம் வரை டேப் பிடித்து அளப்பது. டேப்பின் மறுமுனை பிடிக்க ஆள் வேண்டும். காரில் ஏற மாட்டேன் என்று சொன்னவள் டேப் பிடிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. குடையோடு வந்து நின்றாள்.

ரேஸ் பேட், குளிர்ந்த நிலையில்: 12.3 மீட்டர். பத்து முறை மிதித்துச் சூடேற்றிய பிறகு: 8.1.

பழைய பேட் போன வருடம் இதே சாலையில் 8.9. அதாவது வீதியில் நடக்கும் முதல் பிரேக்குக்கு நான் வாங்கியது பழையதைவிடக் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் மோசம்.

"மூணரை மீட்டர்னா எவ்வளவுங்க?" என்றாள் பூங்கோதை.

"நம்ம சமையலறை நீளம்."

"அவ்வளவு தூரம் தள்ளிப்போய் நிக்கறதுக்குக் காசு குடுத்து வாங்கியிருக்கீங்க." சிரித்தாள். ஜூன் 9-க்குப் பிறகு என் காரைப் பார்த்து அவள் சிரித்தது இதுதான் முதல் முறை. தேதியும் நேரமும் குறித்துக்கொண்டேன்: காலை 7.50.

ஜூலை 20, சனி

ஜெசிந்தாவிடம் போனேன். சத்தத்தைக் கேட்டே ஷட்டரைத் திறந்தார். "வாங்க டேப் சார்." அளந்த கதையைப் போனில் முன்பே சொல்லியிருந்தேன், பெயர் வைத்துவிட்டார்கள்.

சாலைக்கும் டிராக்குக்கும் நடுவில் உள்ள ரகத்தை ஆர்டர் கொடுத்தேன்.

அளவுகளைக் காட்டினேன். சூடான ரேஸ் பேட் 8.1, பழையது 8.9, வித்தியாசம் இவ்வளவுதானா என்று கேட்டேன்.

"வண்டியை நிறுத்தறது டயரு சார். பிரேக் டயருக்கு 'நில்லு'ன்னு தாக்கல் சொல்லும், அவ்வளவுதான். நல்ல பிரேக்னா ஒரு தடவை நிறுத்தறது இல்ல. அம்பதாவது தடவையும் அதே மாதிரி நிறுத்தறது."

பேடைப் பார்க்கக் குனிந்தவர், காரின் டாஷ்போர்டு பெட்டியிலிருந்து டார்ச் எடுக்கப் போய் லாக் புத்தகத்தை எடுத்தார். நின்றபடியே புரட்டினார். எத்தனை சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள் என்று பாராட்டினார். பிறகு ஒரு பக்கத்தில் விரல் வைத்தார்.

"சார், எல்லா நாளும் பன்னெண்டு, பன்னெண்டரை. ஜூன் ஒம்பது மட்டும் பதினாறு புள்ளி ரெண்டு. மலை ஏறி இறங்குன நாள்ல எப்படி சார்?"

அந்தச் சமயம் டீ வந்தது. பேச்சு வேறு பக்கம் திரும்பியது. டீயில் இஞ்சி அதிகம்.

ஜூலை 28, ஞாயிறு

பூங்கோதை கோத்தகிரிக்கு பஸ்ஸில் போய் வந்தாள். நான் போகவில்லை. அவள் அக்கா போனில், "பிரேக்கு சரியாச்சுங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார். பிரேக் ஃபெயிலியர் என்று அன்று அவரிடம் சொன்னவன் நான்தான். சரியாகிவிட்டது, ஆயிலில் தண்ணீர் இருந்தது என்றேன். "பாவம் நீங்க" என்றார். போனை வைத்த பிறகு வெகுநேரம் வீட்டில் சத்தமில்லை. அவள் இல்லாததால் இருக்கலாம்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. புது பேட் மாட்டிப் பழக்கியாயிற்று. கத்தல் இல்லை. எதிர் வீட்டு நாய் வாசலுக்குத் திரும்பிவிட்டது.

அளவு: குளிரில் 8.4, சூட்டில் 8.3. டேப் பிடித்தது பூங்கோதை. அளவு முடிந்ததும் கட்டுச்சோற்றைப் பிரித்து, லே-அவுட்டின் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு.

பேச்சுவாக்கில் பழைய கதை ஒன்று சொன்னேன். பல்லடத்தில் ஒரு மளிகைக் கடைக்காரர் தராசுத் தட்டின் அடியில் மெழுகு ஒட்டி வைத்திருந்தார். பிடிபட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "தராசு பழசுங்க சார்." முப்பத்தொரு வருடத்தில் பிடிபட்ட அத்தனை பேரும் அதையேதான் சொன்னார்கள். ஒருவர்கூட "நான்தான்" என்று சொன்னதில்லை.

பூங்கோதை சோற்றை வாயில் வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க. அப்புறம்?" என்றாள்.

அப்புறம் ஒன்றும் இல்லை. கதை அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 24, சனி

நாளை டிராக். பேட் கனம் நான்கு சக்கரத்திலும் அளந்தேன். ஆயில் மட்டம் சரி. டயர் காற்று சரி. பூங்கோதை கெங்குசாமி வீட்டாரோடு வந்து பார்ப்பதாகச் சொன்னாள். என் கூட வா என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரியும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நீண்ட நாள். வரிசையாக எழுதுகிறேன்.

காலை 8.15. ஹெல்மெட். ஜெசிந்தா தலையைத் தட்டிப் பார்த்தார், "கிரீடம் மாதிரி உக்காந்திருக்கு" என்றார்.

9.00. முதல் ஐந்து சுற்று. நேர்ச்சாலை முடிவில் 130-லிருந்து 60-க்கு ஒவ்வொரு சுற்றிலும் மிதிக்க வேண்டும். மிதி மாறவே இல்லை. ஐந்தாவது சுற்றும் முதல் சுற்றும் ஒன்றே.

9.40. கெங்குசாமி. நேர்ச்சாலையில் எல்லோரையும் தாண்டிப் போனார். வளைவிலும் தாண்டிப் போனார், வளைவைத் தாண்டி, மணலுக்குள். புகை, தூசு, பிறகு அவர் கை மட்டும் ஜன்னல் வழியாக வெளியே வந்து நலம் என்று ஆட்டியது. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஜெசிந்தா டயரை நகத்தால் கீறிப் பார்த்தார். ஒன்பது வருடம் பழையது, மரக்கட்டை.

"ஆறு பிஸ்டனும் வேலை செஞ்சுதுங்க அண்ணா. நாலு டயருந்தான் லீவு," என்றாள் பூங்கோதை.

"என்னைப் பாத்துச் சிரிக்கறியாம்மா? சிரி. நானும் சிரிச்சுக்கறேன்" என்றார் கெங்குசாமி. காலணிக்குள்ளிருந்து மணலைக் கொட்டினார்.

11.00. அடுத்த ஐந்து சுற்று. மொத்தம் பத்து. நான் இறங்கி, டிஸ்க் மீது சூடு பார்க்கும் கருவியைக் காட்டிப் பூங்கோதையிடம் விளக்கினேன். 340 டிகிரி. மிதி உறுதி. திட்டம் நிறைவேறியது.

12.30. சாப்பாட்டுக்கு முன்னால் பயணிகள் சுற்று என்று அறிவித்தார்கள். பக்கத்து சீட்டில் ஒருவரை அழைத்துப் போகலாம். ஹெல்மெட்டைப் பூங்கோதையிடம் நீட்டினேன். "நீங்க ஓட்டினா வேண்டாங்க," என்றாள். பிறகு திரும்பி, "ஜெசிந்தா, நீ ஓட்டறியா? நான் வர்றேன்."

என் கார். என் பிரேக். என் மனைவி. நான் சுவரோரம் நின்று பார்த்தேன்.

மூன்று சுற்று. நான் ஓட்டியதைவிட ஒவ்வொன்றும் ஆறு நொடி குறைவு. இறங்கும்போது ஹெல்மெட்டுக்குள் பூங்கோதை சிரிப்பது கழுத்து அசைவிலேயே தெரிந்தது. கொண்டை அவிழ்ந்திருந்தது.

"நெம்ப நல்லா நிக்குதுங்க உங்க வண்டி," என்றாள் என்னிடம். கெங்குசாமி வீட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாள்.

மாலை 5.30. வீடு. அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காரும் வரை காத்திருந்தேன்.

"பிரேக் புடிக்குதுன்னு நீயே சொன்னே. இன்னும் என்ன கோபம்?"

"பிரேக் மேல நான் என்னைக்குங்க கோபப்பட்டேன்?"

"அப்புறம் எதுக்கு வெயில்ல டேப் புடிச்சே? ரெண்டு தடவை?"

"டேப் புடிச்சா பக்கத்துல இருக்கலாமில்ல. பக்கத்துல இருந்தா நீங்களே சொல்லுவீங்கன்னுதான்."

முகம் துடைத்த துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் அந்த சீட்டுலதானுங்க உக்காந்திருந்தேன். 'இறக்கத்தில் தாழ்ந்த கியரில் செல்லவும்'னு போர்டை சத்தமா வேற படிச்சேன். நீங்க 'ஆமா, ஆமா'ன்னுட்டு நியூட்ரல்ல தள்ளுனீங்க. இஞ்சின் சத்தம் நின்னதும் என் பாட்டும் நின்னுபோச்சு. அது உங்களுக்குத் தெரியவே இல்ல."

"ஜீப்புல ராயப்பன் எப்பவும் அப்படித்தான்..."

"ஜீப்பு சரிங்க. அதைச் சொல்லியிருந்தா அன்னிக்கே சிரிச்சிருப்பேன். கெங்குசாமி அண்ணங்கிட்ட ரெண்டுன்னீங்க. ஜெசிந்தாகிட்ட மூணுன்னீங்களாம். அக்காகிட்ட பிரேக் ஃபெயிலியர்னீங்க. எங்கிட்ட கியரைப் பத்தி ஒண்ணுமே சொல்லல. வண்டி நிக்குமான்னு பயந்துட்டு நான் பஸ்ல போகலீங்க. இவரு இனி எப்ப நிஜம் சொல்றாரு, எப்ப வண்டி பழசுங்கறாருன்னு தெரியாம எப்படீங்க பக்கத்துல உக்காருறது?"

பல்லடத்து மளிகைக்காரர் நினைவுக்கு வந்தார். அவர் கண்ணாடி, அவர் பனியன், அவர் சொன்னது எல்லாம்.

"நான்தான்," என்றேன். "நியூட்ரல்லதான் வந்தேன்."

"எத்தனை தூரம்?"

"ஒம்பது கிலோமீட்டர்."

"பதினொண்ணுங்க," என்றாள். "மைல் கல்லை எண்ணிட்டுத்தான் வந்தேன். காபி போடட்டுங்களா?"

ஆகஸ்ட் 26, திங்கள்

இன்று காலை ஜூன் 9 பக்கத்தைத் திருத்தினேன். அலுவலக விதிப்படி: தவறான சொல்லின் மேல் ஒற்றைக் கோடு. அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். சுரண்டக் கூடாது, மை பூசக் கூடாது. "இரண்டாவது கியரில்தான்" என்பதை அடித்து, மேலே "நியூட்ரலில், பதினோரு கிலோமீட்டர்" என்று எழுதினேன். "அதன் பிரேக் மலைக்குப் போதாது" என்பதையும் அடித்தேன். ஓரத்தில் சுருக்கொப்பம், தேதி. பூங்கோதை சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். வாசித்துப் பார்க்காமல் போடவில்லை.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். மைலேஜ் 15-ஐத் தொட வேண்டும் என்று ஆசை. இறக்கத்தில் இஞ்சினைச் சும்மா விட்டால் பெட்ரோல் மிஞ்சும் என்று பழகிய கை. இஞ்சின் பிடிக்க வேண்டிய வண்டி முழுவதையும் பிரேக் ஒன்றே பிடித்தது. ஆயிலில் தண்ணீர் இருந்ததும் உண்மை. அது கொதித்ததும் உண்மை. கொதிக்க வைத்தது நான்.

அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். "அட, இதுக்கா இத்தனை நாளு!" என்று ஐந்து நிமிடம் சிரித்தார். கெங்குசாமி, "ரெண்டுன்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்னீரேய்யா" என்றார். இனி ஒரு வருடத்துக்கு அவருக்கு இது போதும்.

கடைசியாக ஜெசிந்தா.

"தெரியும் சார்."

"எப்போதிருந்து?"

"பதினாறு புள்ளி ரெண்டைப் பாத்தப்பவே. நீங்க முகத்தை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியாம நின்னீங்க. அதான் சார் டீ சொன்னேன்."

செப்டம்பர் 6, வெள்ளி

மாலையில் பூங்கோதை, "ஞாயித்துக்கிழமை அக்காவைப் பாக்கப் போகணுங்க" என்றாள். எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டேன்.

"பஸ்ஸு எதுக்குங்க?"

இரவு டயர் காற்றை இரண்டு முறை பார்த்தேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கோத்தகிரி. பிள்ளையார் சதுர்த்திக்குச் செய்த கொழுக்கட்டை மிச்சம் இருந்தது. அக்கா என்னைக் காணும்போதெல்லாம் "நியூட்ரல் மாப்பிள்ளை" என்று கூப்பிட்டார். சாப்பிட்டேன்.

மூன்று மணிக்கு இறக்கம். கூரையை மடக்கச் சொன்னது அவள். போர்டு வந்ததும் சத்தமாகப் படித்தாள். கியர் பிடியின் மேல் என் கை. அதன் மேல் அவள் கை. இரண்டாவது கியர். இஞ்சின் உறுமிக்கொண்டே வண்டியைப் பிடித்து வைத்தது. பிரேக்கைத் தொட வேண்டியிருந்தது வளைவுக்கு ஒரு முறை, அதுவும் லேசாக.

அந்த வளைவில் இலை மூட்டைகள் அடுக்கியிருந்தன. அதே ஏஜென்ட். எங்கள் சிவப்பைத் தூரத்தில் பார்த்ததும் எழுந்து ஓடி, முன்வரிசை மூட்டைகளை உள்ளே இழுத்தார். நான் அவர் முன்னால் ஒழுங்காக நிறுத்தினேன். மூட்டைக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு மீட்டர் இருக்கும்.

"பிரேக் போட்டுட்டீங்களாட்ட இருக்குது," என்றார் மூச்சு வாங்க.

"பிரேக் எப்பவும் இருந்துச்சுங்க. கியர்தான் இப்ப போட்டது," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. பூங்கோதைக்குப் புரிந்தது. மூட்டைகளைத் தாண்டி இரண்டாவது வளைவில் பாட்டு ஆரம்பித்தது. மேட்டுப்பாளையம் வரை நிற்கவில்லை.

வீட்டருகே பெட்ரோல் போட்டோம். லாக் புத்தகத்தை அவள் வாங்கிக்கொண்டு, கணக்கும் அவளே போட்டு, அவள் கையெழுத்திலேயே எழுதினாள். அப்படியே இங்கே பார்த்து எழுதுகிறேன்:

"செப். 8. கோத்தகிரி போய் வர. லிட்டருக்கு 11.8. சரிபார்த்தேன். பூங்கோதை."